செத்தது டேட்டாபேஸ், தின்றது வேறு ஆள்

திருநெல்வேலி டவுனில், ரத வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடை. பில் போடுவது லினக்ஸ் சர்வரில்; ரேம் 4 ஜிபி. ராத்திரி ஒன்பது மணியானால் பில்லிங் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடும், மறுநாள் அதே கதை.

"தம்பி, இந்த டேட்டாபேஸ் சரியில்ல பாத்துக்கிடுங்க, மாத்திருவமா?" என்றார் கடை அண்ணாச்சி.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதிவைக்கும் லாகைத் திறந்தேன். 'அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்' (மெமரி தீர்ந்தது, ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராமைக் கொன்றாயிற்று) என்று ஒரு வரி, கூடவே டேட்டாபேஸின் பெயர். அதுவாக விழவில்லை, கர்னல்தான் கொன்றிருக்கிறது.

புரோகிராம்கள் மெமரி கேட்டால் லினக்ஸ் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்லும், கையில் அவ்வளவு இல்லாவிட்டாலும். மறுவீட்டுக்கு ஐந்நூறு பேரை அழைத்துவிட்டு முந்நூறு இலைக்குச் சொதி வைக்கிற கணக்கு. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பந்திக்கு வருவதில்லை. (விண்டோஸ் இந்த விஷயத்தில் கறார்: ரேமும், அதற்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவுக்கு மேல் வாக்கே கொடுக்காது.)

எல்லாரும் வந்துவிட்டால்? டிஸ்கில் உள்ளதை வேகத்துக்காக ரேமில் நகலெடுத்து வைத்திருக்கும் டிஸ்க் கேஷைக் கர்னல் முதலில் காலி செய்யும், ஸ்வாப் (ரேமுக்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கிய இடம்) இருந்தால் அங்கே கொஞ்சம் தள்ளும். அப்படியும் போதாவிட்டால் ஓஓஎம் கில்லர் வரும்; 'அவுட் ஆஃப் மெமரி' ஆனால் ஆளைக் கொல்லும் கர்னலின் பகுதி அது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. மெமரியை அதிகம் பிடித்திருப்பவனுக்கே பொதுவாக அதிக மார்க், அவனுக்கே 9-ம் நம்பர் சிக்னல், அதாவது உடனே சாகச் சொல்லும் உத்தரவு. 'பொறு, சேவ் பண்ணிக்கிடுதேன்' என்று சொல்லக்கூட அவகாசம் கிடையாது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். யார் அதிகம் வைத்திருக்கிறான் என்றுதான் கர்னல் பார்க்கிறது. கடைசியில் யார் அள்ளினான் என்று பார்ப்பதில்லை. டேட்டாபேஸ் காலையிலிருந்து 2 ஜிபியோடு ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குக் கிளம்பிய ஸ்டாக் ரிப்போர்ட் ஒரு ஜிபியைத் தாண்டி ஊதியது. செத்தது பெரியவன்.

ஸ்வாப் சேர்த்தேன். அது அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். பழைய ஹார்ட் டிஸ்கில் அதையே நம்பினால் லாகின் ஆவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். டேட்டாபேஸின் மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜ் என்ற அமைப்பை -1000 ஆக்கினால் அதைக் கர்னல் தொடாது. ஆனால் கர்னல் வேறு எதையாவது கொல்லும். என்றைக்காவது டேட்டாபேஸே கண்டபடி ஊதினால் மெஷினே படுத்துவிடும். அதனால் அதைச் செய்யவில்லை. ரிப்போர்ட்டை, புரோகிராம்களைக் கிளப்பி மேய்க்கும் சிஸ்டம்-டி வழியாக ஓடவிட்டு, மெமரிமேக்ஸ் (ரேம் உச்சவரம்பு) 700 எம்பி, மெமரிஸ்வாப்மேக்ஸ் (ஸ்வாப் உச்சவரம்பு) 0 என்று கட்டிவைத்தேன்.

அன்றைக்கு ராத்திரி பில்லிங் நிற்கவில்லை. ஆனால் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது: "தம்பி, இப்ப ரிப்போர்ட் வரலியே!"

வராதுதான். 700 எம்பியைத் தாண்டியதும் இந்த முறை ரிப்போர்ட்டே அடி வாங்கியிருக்கிறது. வருஷக் கணக்கு முழுவதையும் ஒரே வாயில் விழுங்காமல் மாதம் மாதமாக எடுக்கும்படி அந்த ஸ்கிரிப்டை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அதுவும் வந்தது.