குரோமாட்டின்: சாயம் வைத்த பெயர்

வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைன் என்னும் சிவப்புச் சாயத்தில் ஊறவிட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து, சாராய விளக்கில் லேசாகச் சூடு காட்டி, கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. சாயம் ஏறாத வேரில் வெளிறிய கட்டங்கள்தான் தெரியும். ஏறியபின் கட்டங்களின் நடுவே செந்நிறமாக ஒரு நூற்கூளம். அதுதான் குரோமாட்டின். அந்தச் சிவப்பு மட்டும் அதனுடையது அல்ல, நாம் ஊற்றியது.

பெயரே அப்படி வந்ததுதான். கிரேக்கத்தில் ‘குரோமா’ என்றால் நிறம். ஜெர்மனியின் கீல் நகரில் இருந்த வால்தர் ஃபிளெமிங், சலமாண்டர் குஞ்சுகளின் செல்களுக்குச் சாயமேற்றி ஆராய்ந்தவர். உட்கருவுக்குள் சாயத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பொருளுக்கு அவர் இந்தப் பெயரை வைத்தார். அதன் வேதியியல் தெரியவரும்வரை இந்தச் சொல் இருக்கட்டும் என்ற கருத்தில்தான் 1882-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். வேதியியல் தெரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, சொல் போகவில்லை. செல் பிரியும்போது இந்தப் பொருள் இறுகித் தனித்தனி இழைகளாகத் தெரியும். அவற்றுக்கு 1888-இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் வால்டையர் அதே வேரிலிருந்து ‘குரோமோசோம்’, அதாவது நிறவுடல், என்ற சொல்லை ஆக்கினார்.

குரோமாட்டின் என்பது டி.என்.ஏ.வும் புரதமும் பின்னிய கலவை. மனிதச் செல் ஒன்றில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். அது அடங்கவேண்டிய உட்கருவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்குதான். அடக்குவது ஹிஸ்டோன் என்னும் புரதங்கள். 1884-இல் ஆல்பிரெக்ட் கோசல் கூஸ் என்னும் பெருவாத்தின் ரத்த அணுக்களிலிருந்து பிரித்தெடுத்தவை அவை. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னேற்றம், ஹிஸ்டோனுக்கு நேர்மின்னேற்றம். ஒட்டிக்கொள்ள அதுவே காரணம். நான்கு வகை ஹிஸ்டோன்கள், வகைக்கு இரண்டாக எட்டும் சேர்ந்து ஒரு குமிழாகின்றன. அதன்மேல் சுமார் 147 கார இணைகள், அதாவது ஏணிப்படிகள், நீளமுள்ள டி.என்.ஏ. ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. இதுதான் நியூக்ளியோசோம். நூலில் கோத்த மணி என்று பாடநூல்கள் சொல்லும். மணிக்குள் நூல் நுழையும். இங்கே நூல் வெளியே சுற்றுகிறது. பம்பரமும் சாட்டையும் என்று சொல்லிப்பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிபடும். சுற்று நெகிழ்ந்தால்தான் மரபணுவைப் படிக்கவே முடியும் என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

தமிழில் என்ன சொல்வது? குரோமோசோமுக்கு இலங்கைப் பாடநூல்கள் ‘நிறமூர்த்தம்’ என்கின்றன. கிரேக்கச் சொல்லுக்கு நேர்ச்சொல். நமக்கு ‘நிறப்புரி’யும் இருக்கிறது. என் மனம் இதன் பக்கம்தான். தேங்காய்நார்க் கயிற்றின் முனையைப் பிரித்தால் தனித்தனியாக வருகின்றனவே, அவைதாம் புரிகள். வைக்கோற்புரி, முப்புரிநூல் எல்லாம் அதே புரிதான். முறுக்கிய இழை என்ற உண்மை கிரேக்கப் பெயரில் இல்லை, நம் பெயரில் இருக்கிறது.

அப்படியானால் குரோமாட்டினுக்கு ‘நிறம்’ வேண்டாம். நிறப்பொருள் என்றால் சாயம் என்று நினைப்பார்கள். நிறமி ஏற்கெனவே தோலுக்கு நிறம் தரும் மெலனின் போன்றவற்றின் பெயர். ‘நிறவிழையம்’ என்றால் யாழ்ப்பாணத்து மாணவர் திடுக்கிடுவார், அங்கே இழையம் என்றால் திசு. புரி உருவாகும் பொருள் ஆகையால் ‘புரிப்பொருள்’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

கிளைச்சொற்களும் இதில் தடையின்றி வருகின்றன. எமில் ஹைட்ஸ் 1928-இல் மாஸ் என்னும் பாசிச் செடிகளின் செல்களைப் பார்த்து, தளர்ந்து கிடப்பதை யூகுரோமாட்டின் என்றும் இறுகிக் கிடப்பதை ஹெட்டிரோகுரோமாட்டின் என்றும் பிரித்தார். முன்னது நெகிழ்புரிப்பொருள். பின்னது செறிபுரிப்பொருள், வேர்நுனித் தகட்டில் சாயம் அடர்ந்து கருஞ்சிவப்பாகத் தெரியும் திட்டுகள் பெரும்பாலும் இதுதான்.