அலையை அடக்கும் கரித்தாள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய கூரையை எடுத்துவிட்டுப் புதுத் தகரம் போட்டோம். சூடு இறங்காமலிருக்க அடியில் அலுமினியத் தாளும் விரித்தோம். அன்றிலிருந்து வீட்டுக்குள் லைன் கிடைப்பதில்லை. பிள்ளைகள் வாசலில் நின்றுதான் பாடம் பார்க்கிறார்கள். அந்தத் தாள் அலையை உறிஞ்சிவிடுகிறதா?"

உறிஞ்சவில்லை அம்மா, திருப்பி அனுப்புகிறது. அலை பட்டதும் உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஆடி, எதிர் அலை ஒன்றை எழுப்பி, வந்ததை வெளியே தள்ளிவிடுகின்றன. உள்ளே நுழையும் சொச்சமும் நிலைக்காது. 1 கிகாஹெர்ட்ஸ் அலையின் வீச்சு, அதாவது அலையின் உயரம், அலுமினியத்துக்குள் 2.6 மைக்ரோமீட்டர் போவதற்குள் 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். இனி அலைக்குச் சுலபமான வழி சன்னலும் கதவும்தான். கைப்பேசிக் கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலோரம் ஒரு கைப்பேசியை வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்தே படிக்கலாம்.

தடுப்பது இவ்வளவு சுலபம். ஆனால் அலை ஊடுருவவும் கூடாது, திரும்பவும் கூடாது, அங்கேயே வெப்பமாகி முடிய வேண்டும் என்றால்? ராடார் கண்ணில் படாத விமானத்துக்கும் ஆன்டெனா சோதிக்கும் அறைக்கும் அதுதான் வேண்டும். இதற்கு வின்ஃபீல்ட் சாலிஸ்பரி என்ற அமெரிக்கர் கண்ட வழி எனக்கு அலுக்கவே அலுக்காது. அவருக்கு 1952இல் காப்புரிமை கிடைத்தது.

வெட்டவெளியில் போகும் அலைக்கு என்று ஒரு தடை எண் உண்டு; அதன் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் அது: 377 ஓம். மெல்லிய தாளில் கரி பூசி, அதன் பரப்புத் தடையையும் (சதுரத் துண்டின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ள மின்தடை) சதுரத்துக்கு 377 ஓமாக்குங்கள். அதை மட்டும் அலையின் குறுக்கே பிடித்தால் ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு திரும்பும், நான்கு பங்கு ஊடுருவும், மீதி நான்கு பங்குதான் தாளில் வெப்பமாகும். பாதிகூட இல்லை.

இப்போது தாளுக்குப் பின்னால் கால் அலைநீளத் தூரத்தில் ஓர் உலோகத் தகட்டை வையுங்கள். உலோகம்தான் எல்லாவற்றையும் திருப்பிவிடுமே, நிலைமை மோசமாகத்தானே ஆகும்? ஆகாது. திரும்பும் அலை பூஜ்யமாகிவிடும். அத்தனையும் தாளுக்குள் அடங்கிவிடும்!

துணி காயப்போடும் கயிற்றைத் தூணில் கட்டி மறுமுனையை ஆட்டிப் பாருங்கள். முடிச்சு அசையாது; அதிலிருந்து கால் அலைநீளம் தள்ளிய இடம்தான் அதிகம் துள்ளும். உலோகப் பரப்பில் மின்புலம் அந்த முடிச்சைப் போல. தாள் இருப்பதோ துள்ளும் இடத்தில். தாளைக் கடந்த அலை உலோகத்தில் தலைகீழாகித் திரும்புகிறது. போக வர அரை அலைநீளம் நடந்ததில் இன்னொரு முறை தலைகீழாகி, புதிதாக வரும் அலையோடு ஒத்துச் சேர்கிறது. தாள் தனியாக நின்றபோது அதன் மேல் மின்புலம் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. இப்போது முழுமையாகிறது. வெப்பம் மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒன்பதில் நான்கு, ஒன்பதில் ஒன்பதாகிறது. முன்பக்கமோ, தாள் திருப்பிய அலையும் பின்னாலிருந்து கசிந்து வந்ததும் சம வீச்சில் எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

10 கிகாஹெர்ட்ஸுக்கு இடைவெளி 7.5 மில்லிமீட்டர். அதே தாளும் தகடும் சேர்ந்த திரை மீது 20 கிகாஹெர்ட்ஸ் விழுந்தால் தாள் அசையாத இடத்தில் மாட்டிக்கொள்ளும், எதையும் உறிஞ்சாது. அதனால்தான் பல அடுக்குகள்: வெளியே தடை அதிகமான தாள், உள்ளே போகப் போகத் தடை குறைந்தவை. எல்லாம் சேர்ந்து பல அலைவரிசைகளைப் பார்த்துக்கொள்ளும். தடிமன் இன்னொரு தொல்லை. 900 மெகாஹெர்ட்ஸுக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். இடைவெளியை ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் தூள் கலந்த பிசினால் நிரப்பினால் அதற்குள் அலைநீளமே சுருங்கும். ஐந்து மடங்கு சுருங்கினால் 1.7 சென்டிமீட்டர் போதும்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கரை வாங்காதீர்கள். கட்டைவிரல் அளவு ஒட்டுத்தாள் இதில் எதையும் செய்யாது. உண்மையிலேயே அலையை மறைத்தால், கோபுரத்தை எட்டக் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டத்தான் செய்யும்.

மலேசியப் பெர்லிஸ் பல்கலைக்கழகத்தில் நெல் உமியிலிருந்து பிரமிடு வடிவ அலை உறிஞ்சிகள் செய்து சோதித்திருக்கிறார்கள். நம் செம்பனை ஆலைகளின் பின்புறம் கொட்டை ஓடு மலையாகக் குவிந்து கொதிகலனுக்குப் போகிறது. அதுவும் கரியாகக் கூடியதுதான். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குக் கொடுக்கும் நிதி ஆய்வறிக்கையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் திடமான கருத்து. கொட்டை ஓட்டைக் கரியாக்கி, பிசினில் கலந்து, சுவரில் பதிக்கும் பலகையாக வார்க்கும் வரை, ஆலைப் பொறியாளரையும் ஆய்வாளரையும் ஒரே திட்டத்தில் உட்காரவைத்துப் பணம் கொடுக்க வேண்டும்.