வாய்க்காலில் கழிவுநீர் கலந்தால் சட்டம் என்ன சொல்கிறது? தாமிரபரணிப் பாசனக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கால்வாயில் பிரிந்த தண்ணீர் வயலில் பாய்ந்து, குளத்தில் தேங்கி, வடிகால் வழியாக மறுபடி ஆற்றுக்கே வருகிறது. மேல்மடைக்காரர் வடித்துவிட்டதுதான் கீழ்மடைக்காரருக்குப் பாசனம். வழியில் எத்தனையோ ஊர்களுக்கு அதுவே குடிநீர்.

இதைக் காப்பதற்கான அடிப்படைச் சட்டம் 1974-ஆம் ஆண்டு நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம். ஆறு மட்டுமல்ல, மனிதர் வெட்டிய கால்வாய், குளம், நிலத்தடி நீர் எல்லாம் இதற்குள் அடங்கும். இப்போதைக்கு வறண்டு கிடக்கும் ஓடையும் அடங்கும். ‘தண்ணீரே வராத ஓடைதானே’ என்று சொல்லிக் கழிவைத் திறந்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, கழிவுநீரை வெளியேற்றும் எவரும் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை, அதாவது முன் அனுமதி, பெற வேண்டும். நெல் அவிக்கும் அரிசி ஆலைக்கு இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியும். ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடும் உள்ளாட்சிக்கும் இதே விதிதான் என்பது பலருக்குத் தெரியாது. சாக்கடை நீரும் சட்டத்தில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆலைக்காரரை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நகராட்சியை விட்டுவிடுவது நியாயமே இல்லை.

ஆற்றுநீரின் தரத்தை வாரியம் குறிப்பிட்ட இடங்களில் மாதிரி எடுத்துப் பார்க்கிறது. பாபநாசம், கொக்கிரகுளம், முறப்பநாடு ஆகியவை அவற்றில் சில. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ‘பிஓடி’ என்கிற அளவு. தண்ணீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன என்பதை அது காட்டும். குளிக்கத் தகுந்த நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. மலக்கிருமி 100 மில்லிக்கு 500-க்குள் இருப்பது நல்லது, உச்சவரம்பு 2,500. பிஓடி 3-ஐத் தாண்டிய ஆற்றுப் பகுதிகள் என்று மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுக்க 351 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் தாமிரபரணியும் இருந்தது. பொதிகையில் பிறந்த ஆற்றுக்கு இது வரலாமா?

இனி, புகார் கொடுப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம். வாய்க்காலில் மஞ்சளாக, புளித்த வாடையோடு தண்ணீர் வருகிறது. ஒருவர் பாட்டிலில் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குகிறார். புகாரை வலுவாக்க அது உதவும். ஆனால் வழக்கில் சாட்சியமாக நிற்பது 21-ஆம் பிரிவின் முறைப்படி எடுத்த மாதிரிதான். வாரிய அலுவலர் அந்த இடத்திலேயே பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கண்ணெதிரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, கலனுக்குச் சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே புகாரில் “நடவடிக்கை எடுங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குழாய், எந்த மடைக்கு மேலே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று எழுதி, அந்த நேரத்தில் வந்து மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். நள்ளிரவில் விடுகிற கழிவு காலை பதினொரு மணி மாதிரியில் அகப்படாது. மாசு உறுதியானால் 33-ஏ பிரிவின்கீழ் ஆலையை மூடவும், மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிட முடியும்.

வயலிலிருந்து வடியும் உரத்துக்கும் மருந்துக்கும் இசைவாணை முறை கிடையாது. ஒரு ஏக்கர் பிசான நெல் போடுகிறவரை வாரியத்துக்கு அலையவிடாதது சரிதான் என்பேன். அதற்குப் பதிலாக இருப்பது 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம். உங்கள் மண்ணை 12 வகையில் சோதித்து, எந்த உரம் எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உர விதைக்கு மானியம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்கலாம். யூரியா மேலுரம் போட்டபின் சில நாள் வடிமடையை அடைத்து வைத்தாலே உரம் வயலில் தங்கும், காசும் மிஞ்சும். மருந்தடித்த டேங்கை வாய்க்காலில் அலசாமல், அலசிய தண்ணீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள்.

புகாரை உங்கள் மாவட்டத்துக்கான வாரியத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் நகல் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கிராமசபையில் தீர்மானமாகப் போட்டால், அது ஊரின் குரலாகப் பதிவாகும்.

இசைவாணை நிபந்தனைகளுக்கு வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். கழிவால் பாதிக்கப்படுகிறவர் அதில் தமக்குத் தொடர்புள்ள பகுதியைப் பார்க்கலாம் என்று 25-ஆம் பிரிவே சொல்கிறது. கீழ்மடை விவசாயி பாதிக்கப்படுகிறவர்தான். காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எதுவும் நகரவில்லை என்றால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம்; வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால், முதல் புகாரின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.