வாத்துத் துப்பாக்கிக்கு ஏன் புது டிவி பிடிக்கவில்லை?

பரணிலிருந்த பழைய வீடியோ கேமை இறக்கி, தூசி தட்டி, மகளுக்குக் காட்டலாம் என்று எல்இடி டிவியில் மாட்டினேன். மரியோ ஓடினான், டாங்கிகள் வெடித்தன. துப்பாக்கி மட்டும் சதி செய்தது. எத்தனை தடவை சுட்டாலும் வாத்து பறந்து போக, புல்லுக்குள்ளிருந்து அந்த நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. துப்பாக்கி நன்றாகத்தான் இருந்தது. அதற்குத் தேவையான டிவியைத்தான் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம்.

'டக் ஹன்ட்', நின்டெண்டோ 1984-ல் ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டு. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் 1983-ஆம் ஆண்டு வீடியோ கேம் பெட்டியான ஃபாமிகாமைப் பார்த்து வேறு யாரோ செய்த நகல் பெட்டிகள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அதே பத்துப் பதினைந்து கேம்கள் வேறு வேறு பெயரில் சுற்றி வரும். அதில் வாத்து அநேகமாக இருக்கும்.

துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் கிளம்பி டிவியில் படுகிறது என்றுதான் நாங்கள் நம்பினோம். அதிலிருந்து எதுவுமே வெளியே போவதில்லை. குழலுக்குள் ஒரு வில்லை, அதன் பின்னால் ஓர் ஒளி உணரி, அவ்வளவுதான். எதிரே வெளிச்சம் தெரிகிறதா இல்லையா என்பதை மட்டும் அது பெட்டிக்குச் சொல்லும்.

விசையை அழுத்தியதும் பெட்டி திரை முழுவதையும் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் ஒரு படம் நிற்கும் நேரம், கறுப்பாக்குகிறது. அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். கறுப்பில் இருட்டும் கட்டத்தில் வெளிச்சமும் தெரிந்தால் குறி சரி, வாத்து விழும். இரண்டு வாத்து பறந்தால்? முதல் வாத்துக்கு ஒரு ஃபிரேம், இரண்டாவதுக்கு இன்னொன்று. எந்த ஃபிரேமில் வெளிச்சம் வந்ததோ அந்த வாத்துதான் அடிபட்டது. நம் ஊர் டிவியில் நொடிக்கு 50 ஃபிரேம்; மூன்று ஃபிரேம் என்றால் 0.06 நொடி. சுடும்போது திரை ஒரு கணம் மினுங்குமே, அதுதான் இது. துப்பாக்கி வெடித்த எஃபெக்ட் என்று நினைத்திருந்தோம்.

சரி, குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டால்? நாங்கள் செய்யாமலா இருப்போம்! கறுப்பு ஃபிரேமிலும் பல்பு எரிந்துகொண்டிருப்பதால் குட்டு உடைந்துவிடும். அதற்கு மேலும் ஒரு காவல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பழைய டிவியின் பிக்சர் டியூப் ஒரு படத்தை மொத்தமாகக் காட்டுவதில்லை. எலக்ட்ரான் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக, வரி வரியாகக் கோலம் போடுவதுபோல் ஓடுகிறது, நொடிக்குச் சுமார் 15,600 வரிகள். கற்றை பட்ட புள்ளி பளிச்சென்று மின்னி, உடனே மங்கத் தொடங்கும். ஆகவே வெள்ளைக் கட்டத்தை நோக்கும் உணரிக்கு வருவது நிலையான வெளிச்சமல்ல, அந்த வேகத்தில் வந்து விழும் துடிப்புகள். நின்டெண்டோவின் அசல் துப்பாக்கிக்குள் இருந்த சுற்று அந்தத் துடிப்பை மட்டுமே ஏற்றுக்கொண்டது. நம் மின்சாரத்தில் பல்பு நொடிக்கு 100 தடவைதான் ஏறி இறங்குகிறது. அதைச் சுற்று சட்டை செய்யாது.

எல்இடி டிவியில் தோற்பதும் இதனால்தான். அங்கே ஓடும் கற்றை இல்லை. பின்னாலிருக்கும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, அந்தத் துடிப்பு கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, வரும் படத்தை மெருகேற்றிக் காட்டப் புது டிவி சில ஃபிரேம்கள் தாமதிக்கிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் பெட்டி விசாரணையை முடித்துத் தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. இப்போதைய டிவிக்கென்று வரும் சில துப்பாக்கிகளில் கேமரா வைத்து, திரையின் ஓரத்தைப் பார்த்துக் குறியைக் கணக்கிடுகிறார்கள். வேலை செய்கிறது. ஆனாலும் அந்தப் பழைய தந்திரத்தின் சிக்கனம் அதில் இல்லை.

அப்போதும்கூட எனக்கு வாத்து சரியாக விழுந்ததில்லை, குறிப்பாகப் பெரியப்பா மகனோடு விளையாடும்போது. ஒற்றை வாத்து ஆட்டத்தில், இன்னொருவர் கையிலிருக்கும் கன்ட்ரோலரால் வாத்தைத் திசை திருப்பலாம் என்று போன வருடம்தான் படித்தேன். கேமை ஸ்டார்ட் செய்துவிட்டு அண்ணன் அதை ஒருநாளும் கீழே வைத்ததில்லை.