ஜாயின்: சேர்ப்பா, இணைப்பா?

நூலகத்தின் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் உறுப்பினர் எண்ணும் பெயரும். மற்றொன்றில் உறுப்பினர் எண்ணும் அவர் இரவல் வாங்கிய நூலின் தலைப்பும். எந்த நூல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், எண் ஒத்துவரும் இடங்களில் பெயரும் தலைப்பும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இதுதான் ‘ஜாயின்’. மூல அட்டவணைகள் இருந்தபடியே இருக்கும். விடை மட்டும் புதிது.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் ‘யுங்கெரே’. பூட்டுதல், பிணைத்தல் என்று பொருள். நாம் அறிந்த ‘யோகம்’ அதற்கு உறவு. ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுசார் மாதிரியை முன்வைத்த 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதைக் கலைச்சொல்லாக ஆண்டார். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலைக்குள் இச்சொல் 1992இல்தான் நுழைந்தது. அதுவரை அட்டவணைகளின் பெயர்களைக் காற்புள்ளியிட்டு எழுதி, பொருத்தும் நிபந்தனையைத் தனியே தருவார்கள். அதை மறந்தால் ஒவ்வொரு வரிசையும் மற்றதன் எல்லா வரிசைகளோடும் சேர்ந்து, 1,000 வரிசையும் 500 வரிசையும் பெருகி 5,00,000 ஆகும்!

தமிழில் ‘சேர்ப்பு’ என்று சிலர் எழுதக்கூடும். எனக்கு உடன்பாடில்லை. கணங்களின் சேர்ப்பு என்று கணிதப் பாடம் அச்சொல்லை ‘யூனியன்’ என்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. இது பக்கவாட்டில் கோப்பது. ‘புணர்ப்பு’ இன்னும் அழகு: நிலைமொழி இடப்புற அட்டவணை, வருமொழி வலப்புறம். ஆனால் இலக்கண வகுப்புக்கு வெளியே அதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்புத்தான் மிஞ்சும்.

‘இணைப்பு’ என்பதே என் தேர்வு. ‘இணை’ என்றால் சோடி. ஒப்பு என்றும் பொருள். இணையடி முதலாவது, இணையற்ற என்பது இரண்டாவது. ஒத்திருப்பதும் சேர்வதும் ஒரே வேரில் கிடைக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் சேர்வது மட்டுமே உண்டு. மின்னஞ்சல் இணைப்பு, இணைய இணைப்பு என்று இச்சொல் பல வேலை பார்ப்பதுதான் குறை. குழப்பம் வரும் இடத்தில் ‘அட்டவணை இணைப்பு’ என்று விரித்து எழுதலாம்.

வகைகளுக்கும் இது வளைந்துகொடுக்கும். பொருந்தியவை மட்டும் வந்தால் உள்ளிணைப்பு. இடப்புற வெளியிணைப்பில், நூலே எடுக்காத உறுப்பினரும் பட்டியலில் இருப்பார்; தலைப்பு வரவேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். புகழ்ச்சியாக அல்ல, சொல்லுக்குச் சொல் உண்மையாகவே அது இணையற்ற வரிசை.