எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேஷன் - புற நிலைநிறுத்தல்

மணிக்கட்டை ஒட்டிய எலும்பு பல துண்டுகளாக நொறுங்கிவிட்டால், மாவுக்கட்டு மட்டும் அதைத் தாங்கிப் பிடிக்காது. அப்போது மருத்துவர்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, எலும்புக்குள் திருகாணிகளை இறக்கி, அவற்றின் வெளிமுனைகளைத் தோலுக்கு மேலே ஒரு தண்டோடு பூட்டிவிடுவது. இதற்குத்தான் எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேஷன் என்று பெயர்.

இரண்டு சொற்களுமே லத்தீன் வழி வந்தவை. 'எக்ஸ்டர்னுஸ்' என்றால் வெளியே உள்ளது. 'ஃபிகெரே' என்றால் அசையாதபடி குத்திப் பதிப்பது. இடைக்கால ஐரோப்பிய ரசவாதிகள், ஆவியாகிப் போகும் பொருளை ஓடவிடாமல் திடமாக்குவதை ஃபிக்ஸேஷன் என்றார்கள். நம் சித்தர் மரபு ரசத்தைக் 'கட்டுதல்' என்று சொன்னதும் இதைப் போன்றதுதான்.

தமிழில் சிலர் 'வெளிப்புறச் சரிசெய்தல்' என்று எழுதுகிறார்கள். இது ஆபத்தான பிழை. விலகிய எலும்பை இழுத்து நேராக்குவது ஒரு வேலை. நேரான எலும்பை அப்படியே பிடித்து வைத்திருப்பது வேறு வேலை. ஃபிக்ஸேஷன் இரண்டாவதை மட்டுமே குறிக்கும். 'சரிசெய்தல்' என்று படிக்கும் நோயாளி, எலும்பு கூடிவிட்டதாகவே நினைத்துக்கொள்வார். 'புறநிலைப்படுத்தல்' என்பதும் ஒத்துவராது. 'புறநிலை' என்றதும் சார்பற்ற பார்வைதான் நினைவுக்கு வரும். கருவியைப் 'புறச்சட்டகம்' என்றால், பூச்சிகளின் மேலோட்டைக் குறிக்கும் உயிரியல் சொல்லோடு மோதும்.

ஆகவே முறைக்குப் 'புற நிலைநிறுத்தல்', கருவிக்கு 'நிலைநிறுத்துச் சட்டம்' என்பதே என் தேர்வு. 'புறநோயாளி' என்ற சொல் பழகியவர்களுக்குப் 'புற' உறுத்தாது. தகடும் திருகும் தோலுக்கு உள்ளேயே தங்கும் சிகிச்சையை 'அக நிலைநிறுத்தல்' என்றால், அகமும் புறமும் இயல்பாக இணை சேரும்.

அமெரிக்காவில் பார்க்ஹில் 1897-லும், பெல்ஜியத்தில் லாம்போட் 1902-லும் இத்தகைய சட்டங்களைப் பயன்படுத்தினர். ஜெனீவாவின் ஹோஃப்மன் 1938-இல் வெளியிட்ட வடிவத்தில், சட்டத்தைப் பூட்டிய பிறகும் எலும்பின் நிலையைத் திருத்த முடிந்தது.

மணிக்கட்டில் வழக்கமாக இரண்டு திருகாணிகள் முன்கையின் ஆரை எலும்பில், முறிவுக்கு மேலே இறங்கும். வேறு இரண்டு, ஆள்காட்டி விரலின் அடியில் உள்ள உள்ளங்கை எலும்பில் இறங்கும். நடுவில் மூட்டைத் தாண்டி ஓடும் தண்டு, மூட்டை நீட்டி இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பில் மூட்டின் தசைநார்கள் விறைத்து, தங்களோடு ஒட்டிய எலும்புத் துண்டுகளை இடத்துக்குக் கொண்டுவரும். இந்த விளைவின் பெயர் லிகமெண்டோடாக்ஸிஸ்; 'டாக்ஸிஸ்' கிரேக்கத்தில் ஒழுங்குபடுத்தல். 'தசைநார் இழுவைச் சீரமைப்பு' என்றால் பொருள் சிந்தாது. ஆனால் மூட்டுப் பரப்பில் உள்ளே அமுங்கிப்போன துண்டுகளில் தசைநார் ஒட்டியிராது. அவற்றை இந்த இழுவை தூக்காது, தனியே நிமிர்த்த வேண்டும்.

இழுவை அளவு மீறினால் விரல்கள் இறுகிவிடும். சட்டத்தைப் பூட்டியவுடன் அறுவை மேசையிலேயே விரல்களை முழுதாக மடக்கிப் பார்ப்பது அதற்காகத்தான். சட்டம் ஏறக்குறைய 6 வாரம் இருக்கும். அதுவரை திருகாணி தோலில் நுழையும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சீழ் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். நிலைநிறுத்துவது மணிக்கட்டை மட்டுமே. விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும்.