ஜே-1 விசாவில் வேலை: கடிதம் கைக்கு வந்த பிறகுதான் முதல் நாள்

செட்டிக்கரையிலும் பர்கூரிலும் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா கிளம்பும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்கள். கல்லூரிகளுக்கு இடையிலான பரிமாற்றத் திட்டத்திலோ, ஃபுல்பிரைட்-நேரு போன்ற உதவித்தொகையிலோ போகிறவர்களுக்கு ஜே-1. இவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எஃப்-1-இல் போன சீனியர் அண்ணன் வாட்ஸ்அப்பில் சொல்வதே சட்டம் என்று ஆகிவிடுகிறது. அவர் பொய் சொல்வதில்லை. அவருடைய விசாவுக்கு அது சரி, உங்கள் விசாவுக்கு அது தப்பு.

உதாரணமாக, "கேம்பஸ் உள்ளே வேலைதானே, யாரையும் கேட்க வேண்டாம்" என்பார். எஃப்-1 மாணவர் கேம்பஸில் வேலை பார்க்கக் குடியேற்ற விதி தனி அனுமதி கேட்பதில்லை. ஜே-1 மாணவர் நூலகத்தில் புத்தகம் அடுக்குவதாக இருந்தாலும் ஸ்பான்சரின், அதாவது அவரை இந்தத் திட்டத்தில் சேர்த்த அமைப்பின், பொறுப்பு அதிகாரியான ரெஸ்பான்சிபிள் ஆபீசர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தர வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டு வியாழக்கிழமை கடிதம் வாங்கினால் இடையில் உள்ள மூன்று நாளும் அனுமதியில்லாத வேலை. பின்தேதியிட்டுச் சரிசெய்ய வழியில்லை.

அந்த ஆபீசர் யார் என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஜே-1 விசாவுக்காக ஸ்பான்சர் தந்த டிஎஸ்-2019 படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 2-ஆம் கட்டத்தில் இருக்கும் பெயர்தான் உங்கள் ஸ்பான்சர். அது நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உதவித்தொகையில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேறு அமைப்பாக இருக்கும். அப்படியானால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் "சரி, சேர்ந்துகொள்" என்று மின்னஞ்சல் அனுப்பினாலும் அது செல்லாது. 3-ஆம் கட்டத்தில் திட்டம் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். மாதம் முதலில், நாள் அடுத்து. 05-12 என்றிருந்தால் மே 12. நம் வழக்கப்படி டிசம்பர் 5 என்று படித்துவிட்டு ஏழு மாதம் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

அனுமதி கிடைத்த பின் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. எல்லா வேலைகளையும் கூட்டித்தான் இந்த 20. லேபில் 14, நூலகத்தில் 8 என்றால் 22 ஆகிறது, மீறல். போன வாரம் 15 மணிதான் பார்த்தேன், இந்த வாரம் 25 பார்த்து ஈடுகட்டுகிறேன் என்ற கணக்கும் எடுபடாது. ஒவ்வொரு வாரமும் தனி. பல்கலைக்கழகம் அறிவிக்கும் அதிகாரப்பூர்வ விடுமுறையில் மட்டும் கூடுதலாகப் பார்க்கலாம். அனுமதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12 மாதம், அதுவும் கடிதத்தில் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். வேலை மாறினால் புதுக் கடிதம் வாங்குங்கள். முழுநேரப் படிப்பும் நல்ல மதிப்பெண்ணும் குறையாமல் இருக்க வேண்டும்.

பின்னால் சொல்லும் அகாடமிக் டிரெயினிங்கைத் தவிர்த்தால், கேம்பஸுக்கு வெளியே பகுதிநேர வேலைக்கு விதியில் ஒரே ஒரு வாசல்தான்: நீங்கள் ஜே-1 நிலைக்கு வந்த பிறகு எதிர்பாராமல், அவசரமாக ஏற்பட்ட கடுமையான பணநெருக்கடி. வீட்டில் சம்பாதிப்பவர் திடீரென்று படுத்துவிட்டார் என்றால் ஆவணங்களோடு கேட்டுப் பார்க்கலாம். கிளம்பும் முன்பே எடுத்த கல்விக் கடனின் தவணை எதிர்பாராதது ஆகாது. அனுமதி கிடைத்தாலும் அதே 20 மணி நேரம்தான்.

இந்தியன் ஸ்டோரில் வார இறுதியில் கல்லாவில் நிற்பது, பெட்ரோல் பங்க் வேலை, காரில் உணவு டெலிவரி எதுவும் இதில் அடங்காது. கையில் ரொக்கமாகத் தந்தால் தெரியாது என்பது மிகவும் ஆபத்தான நம்பிக்கை. கிருஷ்ணகிரி வீடுகளுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் குடும்பம், "அங்கேதானே இருக்கே, இரண்டு நாள் கண்காட்சியில் நம்ம ஸ்டாலில் நில்லுப்பா" என்று மகனிடம் கேட்கும். அப்பாவுக்கு அது மகன் செய்யும் உதவி. ஆனால் வியாபாரத்துக்காகச் செய்வதைச் சம்பளம் வாங்காவிட்டாலும் வேலையாகவே பார்க்கக்கூடும். ஆபீசரிடம் எழுதிக் கேட்டுப் பதில் வாங்காமல் நிற்க வேண்டாம். பெற்றோரும் இதைப் புரிந்துகொண்டு வற்புறுத்தாமல் இருப்பது பெரிய உதவி.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அனுமதியில்லாமல் வேலை பார்த்தது தெரிந்தால் ஸ்பான்சர் உங்கள் திட்டத்தையே முடித்துவிடலாம். ஜே-1-இல் வேறு சில தவறுகளுக்கு மறுபடி பழைய நிலையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதியில்லாத வேலைக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது.

அகாடமிக் டிரெயினிங்

படித்த பாடத்தை ஒட்டி ஒரு நிறுவனத்தில் செய்யும் வேலைப் பயிற்சி இது. ஜே-1-இன் உண்மையான பலம் இதுதான். எஃப்-1 மாணவர் ஓபிடி என்ற இதேபோன்ற பயிற்சிக்காகக் குடியேற்றத் துறையிடம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வேலை அனுமதி அட்டைக்காகக் காத்திருப்பார். உங்களுக்கு ஸ்பான்சரின் அனுமதியே போதும், தனி அட்டை வேண்டாம். படிக்கும்போதும் செய்யலாம், படித்து முடித்த பிறகும் செய்யலாம். உங்கள் பாடத்தோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும்.

கால அளவில்தான் ஏமாறுகிறார்கள். 18 மாதம் என்று எங்கோ படித்துவிட்டு அதை நம்பி வேலை தேடுகிறார்கள். விதி சொல்வது 18 மாதம் அல்லது நீங்கள் படித்த காலம், இரண்டில் எது குறைவோ அது. 10 மாதப் பரிமாற்றத்தில் போனவருக்கு 10 மாதத்துக்கு மேல் இல்லை. பகுதிநேரமாகச் செய்தாலும் முழுநேரமாகவே கழிப்பார்கள். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் மொத்தம் 36 மாதம் வரை போகலாம்.

தேவைப்படுபவை இரண்டு கடிதங்கள். நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரில் பணி விவரம், இடம், வாரத்துக்கு எத்தனை மணி, தொடங்கும் முடியும் தேதி, சூப்பர்வைசர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். உங்கள் கல்வி ஆலோசகரோ டீனோ தரும் பரிந்துரையில் பயிற்சியின் நோக்கம் என்ன, பாடத்தோடு எப்படிப் பொருந்துகிறது, படிப்புக்கு அது ஏன் அவசியம் என்று எழுதியிருக்க வேண்டும். "நல்ல மாணவர், பரிந்துரைக்கிறேன்" என்று இரண்டு வரி வாங்கிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேராசிரியருக்கு இந்தக் குறிப்புகளை நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது.

எல்லாம் டிஎஸ்-2019-இன் 3-ஆம் கட்டத்தில் உள்ள முடிவுத் தேதிக்கு முன்பே நடந்து, நீட்டித்த படிவம் கைக்கு வர வேண்டும். அதன்பின் வரும் 30 நாள் மூட்டை கட்டவும் ஊர் சுற்றவும் மட்டுமே. அந்த நாட்களில் விண்ணப்பிக்கவும் முடியாது, வேலை பார்க்கவும் கூடாது. பயிற்சிக் காலம் முழுக்க மருத்துவக் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர்.

அதன் பிறகும் அமெரிக்காவிலேயே எச்-1பி வேலை விசா என்று யோசிப்பவர்கள், ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தங்களுக்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். எந்த நாட்டின் எந்தத் துறையினருக்கு இந்த நிபந்தனை என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் போனவர்களுக்கு நிபந்தனை அப்படியே இருக்கிறது.

பெயரும் சம்பளச் சீட்டும்

நம் ஊர்ப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் பல நேரம் காலியாக இருக்கும். அப்படியிருந்தால் விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று விழும். பிறகு சம்பளம் வாங்கத் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வங்கி, சம்பளப் பதிவு எல்லாவற்றிலும் பெயர் பொருந்தாமல் அலைய நேரிடும். டிஎஸ்-2019 கேட்பதற்கு முன்பே இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள். அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் அட்டைக்கு ஓடாமல் 10 நாள் பொறுங்கள், உங்கள் விவரம் அரசின் கணினியில் ஏற அவகாசம் வேண்டும். அட்டைக்கு விண்ணப்பிக்கப் போகும்போது பாஸ்போர்ட், டிஎஸ்-2019, அமெரிக்காவுக்குள் வந்த பதிவான ஐ-94, ஸ்பான்சர் கடிதம் நான்கும் வேண்டும்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பிடித்தங்களை வரி வரியாகப் பாருங்கள். அரசு ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2, முதியோர் மருத்துவத் திட்டமான மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடித்திருந்தால் அது தவறு. ஜே-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு இந்த இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. டிசம்பரில் போய் இறங்கினால் அதுவே ஓராண்டாகக் கணக்காகும். சம்பளப் பிரிவிடம் முதலில் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 843, 8316 ஆகிய இரண்டு படிவங்களை வரித்துறைக்கு அனுப்பிக் கேட்கலாம்.